தீவில் ஓர் இரவு

(பொன்னமராவதியில் இளைஞர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலைப் பார்க்க வேண்டுமானால் அரை நாள் பஸ் பிடித்துப் போகவேண்டிய ஊர் பொன்னமராவதி. இங்கே வந்து தீவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இந்த ஊருக்கும் ராமேசுவரம் கடலுக்கும் உள்ள தொடர்பு எண்ணூறு ஆண்டுப் பழமை உடையது. 12ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டு அரியணைச் சண்டை முற்றியபோது, இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு இலங்காபுரன் என்ற தளபதியின் தலைமையில் ஒரு படையை அனுப்பினான். அந்தப் படை முதலில் ராமேசுவரம் தீவின் குந்துகாலில் ஒரு கோட்டையைக் கட்டிக் காலூன்றிக்கொண்டது. பிறகு உள்நாட்டுக்குள் புகுந்து பொன்னமராவதி வரை வந்து இங்கிருந்த மூன்றடுக்கு மாளிகையைக் கொளுத்தியது என்று இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அதே குந்துகாலில்தான் 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் மேலைநாட்டுப் பயணம் முடித்துக் கரையிறங்கினார். இன்று குருசடைத் தீவைப் பார்க்கப் போகிறவர்கள் படகு ஏறுவதும் அங்கிருந்துதான்.

இளைஞர்களுக்கு ஓர் ஆசை வந்திருக்கிறது. மின்சாரம் இல்லாத, கடை இல்லாத, குழாய் இல்லாத, ஆளே குடியிருக்காத ஒரு தீவில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்க வேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசைதான். அதற்கு என்ன வாங்க வேண்டும், எந்தக் கூடாரம் நல்லது என்றுதான் பெரும்பாலோர் முதலில் விசாரிக்கிறார்கள். கூடாரம் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர், காற்று, அனுமதி ஆகிய மூன்றையும் முதலில் விசாரிக்க வேண்டும். இந்த மூன்றையும் பற்றிச் சொல்லித்தரும் ஆட்கள் நம் கடற்கரையிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்பதுதான் தயாரிப்பின் முதல் வேலை.

ஆளில்லாத் தீவில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஒன்றாகத் தங்கும் ஓர் இரவு ஆண்டுதோறும் வருகிறது. அது கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. 285 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தீவில் குடியிருப்பு கிடையாது. குடிக்கத் தகுந்த நீரூற்றும் கிடையாது. நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்ற மீனவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அந்தோணியாருக்குக் கோயில் கட்டினார். 1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தீவு இலங்கையின் பக்கம் போனது. இந்திய யாத்திரிகர்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் போய்வரலாம் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் நின்றுபோன திருவிழா பிறகு மீண்டும் தொடங்கியது. 2016 டிசம்பரில் புதிய தேவாலயமும் திறக்கப்பட்டது.

அந்த ஓர் இரவுக்கு எப்படித் தயாராகிறார்கள் என்று பாருங்கள். வாரக்கணக்கில் முன்னதாகவே அடையாள அட்டையுடன் பெயர் பதிவு செய்கிறார்கள். எந்தப் படகில் யார் யார் ஏறுகிறார்கள் என்ற பட்டியல் அதிகாரிகளின் கைக்குப் போகிறது. படகுகள் சோதிக்கப்படுகின்றன, உயிர்காக்கும் மேலங்கி கட்டாயம். மாலையில் கொடியேற்றம், சிலுவைப் பாதை, இரவில் தேர்ப்பவனி, விடிந்ததும் திருப்பலி, அதன் பிறகு திரும்பும் பயணம். இடையில் உள்ள சில மணி நேரத் தூக்கம் மணலில், பாயில், தார்ப்பாய்க்குக் கீழே. குழந்தையும் பாட்டியும் அப்படித்தான் படுத்து எழுகிறார்கள்.

திருவிழா நடக்கும் பருவத்தையும் கவனிக்க வேண்டும். அது தவக்காலத்தில், மாசி பங்குனியை ஒட்டி வருகிறது. அதற்குள் வாடைக்காற்று ஓய்ந்திருக்கும், தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று இன்னும் எழும்பியிருக்காது, மழையும் விட்டிருக்கும். தீவில் தங்க நினைக்கும் எவருக்கும் இதைவிட நல்ல பருவம் நம் கடலில் கிடையாது.

இப்போது தண்ணீருக்கு வருவோம். புதுக்கோட்டைச் சீமையில் ஊருணித் தண்ணீரின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஊருணி வற்றினால் அடுத்த ஊருக்குக் குடத்தோடு போகலாம். தீவில் அடுத்த ஊர் கிடையாது. சுற்றிலும் இருப்பது லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புக் கரைந்த நீர். அதைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்ற, குடித்த தண்ணீரைவிட அதிகத் தண்ணீரைச் சிறுநீரகம் உடம்பிலிருந்தே எடுக்கும். அதனால் கடல்நீர் குடித்தவன் குடிக்காதவனைவிடச் சீக்கிரம் வறண்டுபோவான். காய்ச்சினாலும், துணியில் வடிகட்டினாலும் உப்பு போகாது.

பேரிடர் முகாம்களுக்கென உலக அளவில் வகுத்துள்ள ஸ்பியர் நெறிமுறையின்படி, உயிர் தரிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் வேண்டும். சமையலுக்கு இன்னும் மூன்று முதல் ஆறு லிட்டர். சிக்கனமாகக் கணக்குப் போட்டு ஆளுக்கு 6 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஆறு பேர், மூன்று நாள் என்றால் 108 லிட்டர். கடல் கொந்தளித்துப் படகு வர ஒரு நாள் தாமதமானால் இன்னும் 36 லிட்டர். மொத்தம் 144 லிட்டர், அதாவது 144 கிலோ எடை. கூடாரமும் துணிமணியும் அரிசியும் சேர்ந்தாலும் இந்த எடை வராது. எனவே எத்தனை பேர் போகலாம், எத்தனை நாள் தங்கலாம், எவ்வளவு பெரிய படகு வேண்டும் என்பதையெல்லாம் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. அந்தத் தண்ணீரை ஒரே பீப்பாயில் கொண்டுபோகக் கூடாது. மூடி இறுக்கமான சிறு கேன்களில் பிரித்து வைக்க வேண்டும். ஒன்று ஒழுகினாலும் மற்றவை மிஞ்சும். இறக்கியதும் நிழலில் வைத்து, ஒரே ஆள் பொறுப்பில் அளந்து கொடுக்க வேண்டும்.

மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் வருமே என்று கேட்பவர்கள் உண்டு. வரும், சில இடங்களில். தனுஷ்கோடியில் அலைக்கு எட்டும் தூரத்தில் மீனவப் பெண்கள் மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுக்கிறார்கள். கையாலேயே மணலை அள்ளிப் போட்டுக் குழி பறிக்கிறார்கள். ஆழம் அதிகம் இல்லை. அடியில் கலங்கலாக நீர் கசியும். மணல் படியும்வரை பொறுத்திருந்து, கொட்டாங்கச்சியால் மேலாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். அவசரப்பட்டு ஆழமாகக் கிளறுவதில்லை. காரணம் இதுதான்: மணலில் இறங்கிய மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது; அதனால் உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடிவரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்று நீரியல் கணக்கு சொல்கிறது. மேலே உள்ள அந்த ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால், கீழிருந்து உப்பு ஏறிவிடும். சின்னத் தீவில், கோடையில், அந்தப் படலம் மெலிந்தோ இல்லாமலோ போயிருக்கும். ஊற்றுத் தண்ணீர் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதை நம்பிப் படகு ஏறுவது ஆபத்து.

அடுத்தது காற்று. நம் கடற்கரையில் ஒரே கடல் இரண்டு குணம் காட்டுகிறது. ராமேசுவரத்தார் வடக்கே உள்ள பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள்; தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். வடகிழக்குப் பருவமழையோடு வாடை வீசும் மாதங்களில் அமைதியான பெண் கடலும் சீறும். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் வீசும்போது ஆண் கடல் அலை அலையாய் எழும்பும். எந்தக் காற்றில் எந்தக் கரை மறைவு என்பது மீனவருக்கு மனப்பாடம். தீவிலும் அதே கணக்குத்தான்: காற்று அடிக்காத பக்கத்தில் படகை ஒதுக்கி, அந்தப் பக்கத்திலேயே கூடாரத்தையும் போட வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. பயணிகளோடு வந்த ரயிலையும் அலை புரட்டிப் போட்டது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய நாளில் தீவைப் பற்றி நினைக்கவே கூடாது.

புயல் மட்டுமல்ல, வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளிலும் கடல் ஏமாற்றும். எங்கோ தென் பெருங்கடலில் எழும் அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் திடீரெனக் கரை ஏறும். கேரளத்திலும் குமரியிலும் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம், கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தபோது, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை முன்னதாகவே வெளியிடுகிறது. கிளம்பும் முன்பு அதைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பார்த்துவிட்டு, "அண்ணே, ரெண்டு நாளைக்குக் காத்து எப்படி இருக்கும்?" என்று படகுக்காரரிடமும் கேட்க வேண்டும். "வேணாம் தம்பி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னால், அதோடு பேச்சை முடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். கூடாரத்துக்குக் கொடுத்த பணத்தை நினைத்து அவரை வற்புறுத்தக் கூடாது.

தீவில் இறங்கிய பிறகு முதலில் தேட வேண்டியது பாசிக் கோடு. ஓதம் ஏறி வற்றும்போது கடைசியாகத் தொட்ட இடத்தில் கடற்பாசியும் சிப்பியும் குச்சியும் ஒரு வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம் அந்தக் கோட்டையும் தாண்டும். பாக் நீரிணையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கரை தட்டையாக இருப்பதால் அந்தக் கொஞ்ச நீரும் வெகுதூரம் உள்ளே வரும். கோட்டுக்கு மேலே நன்றாகத் தள்ளித்தான் படுக்கை. மணலில் கூடார முளை நிற்காது. சாக்கில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டினால் எந்தக் காற்றுக்கும் பிடித்துக்கொள்ளும்.

சாப்பாட்டில் நம் ஊர்க்காரர்களுக்குக் கவலை வேண்டாம். பழனிக்குப் பாதயாத்திரை போகிற வழக்கம் உள்ள சீமை இது. வழியில் கெடாத உணவு எது என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். புளியோதரை, அவல், பொரிகடலை, வறுத்து அரைத்த சத்துமாவு ஆகியவை போதும். முதல் நாள் கட்டுச்சோறு, மறுநாள் முதல் கஞ்சி என்று வைத்துக்கொண்டால் தண்ணீரும் மிச்சம். உப்பு அதிகமான ஊறுகாயும் கருவாடும் தாகத்தைக் கூட்டும்; அவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். அடுப்பையும் எரிபொருளையும் கரையிலிருந்தே கொண்டுபோக வேண்டும். தீப்பெட்டியை மூடி இறுக்கமான புட்டியில் போட்டு வைக்க வேண்டும். மீனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு கூடாது. தங்குகடலுக்குப் போகும் மீனவர்களே அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

உடம்பைக் காப்பதைப் பாசி எடுக்கும் பெண்களிடம் கற்றுக்கொள்ளலாம். பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் இருட்டிலேயே படகேறித் தீவுகளை ஒட்டிய கடலுக்குப் போய், மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாசி பறிப்பார்கள். கிளம்பும் முன்பு புடவையின் மேல் சட்டையை மாட்டி இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு விரலாகத் துணிக் கிழிசலைச் சுற்றுகிறார்கள். பவளப்பாறை கத்தி போல அறுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, அவ்வளவுதான் கருவி. அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி, பாசியையும் பவளப்பாறையையும் காக்கப் பாடுபட்டதற்காக 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசைப் பெற்றார். பாசி வளர இடம் விட வேண்டும் என்பதற்காக மாதத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் பறிப்பதில்லை என்று அந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்.

அவர்களைப் பார்த்து நாமும் செருப்பில்லாமல் கடலில் கால் வைக்கக் கூடாது. முழங்கால் ஆழத்தில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசியபடி நடக்க வேண்டும். அப்போது புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிப்போகும். மீறிக் குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை ஒரு மணி நேரம் வைத்திருந்தால் வலி குறையும். மருத்துவமனைக்குப் போவது அதன் பிறகும் கட்டாயம். கரையில் ஒருவரிடம் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய இரண்டு எண்களையும் கைபேசியில் மட்டுமல்லாமல் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது விஷயம் அனுமதி. இதைக் கடைசியில் சொல்வது, மனதில் நிற்க வேண்டும் என்பதற்காக.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். முயல் தீவு, மனோலி, குருசடை, அப்பா, வாழை, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காசுவார், வான் என்று கேட்கும்போதே போகத் தோன்றும். ஆனால் 1986 முதல் அவை தேசியக் கடல் பூங்கா. 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகமும்கூட. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே இறங்குவது குற்றம். கூடாரம் போட்டுத் தங்குவதற்கு இடமே இல்லை. அந்தத் தடைக்குக் காரணம் உண்டு. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பல காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில், அலையைத் தடுத்து நின்ற அரண் போயிற்று. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. வான் தீவும் கரைந்து சுருங்கியது. மிஞ்சிய தீவுகளில் மனிதக் கால் படாமல் இருப்பதே அவற்றுக்கு மருந்து.

குருசடையின் பெருமையையும் சொல்ல வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தின் கிரேவ்லியும் உடன் ஆய்வு செய்தவர்களும் அந்தச் சிறு தீவின் கரையோர உயிர்களைப் பட்டியலிட்டு 1927இல் வெளியிட்டார்கள். முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்ட பலனோகுளோசஸ் என்ற மணற்புழு அங்கே கிடைப்பதால், விலங்கியல் மாணவர்களுக்கு அது புகழ்பெற்ற இடமானது. இன்று வனத்துறையின் ஏற்பாட்டில், உள்ளூர் மக்கள் வழிகாட்ட, பகலில் போய்ப் பார்த்துத் திரும்பலாம். முதல் தீவுப் பயணத்துக்கு அது போதும்.

அனுமதி இல்லாத தீவுக்குப் போகிறவர் தமக்கு மட்டும் ஆபத்தை வரவழைத்துக்கொள்வதில்லை. 2018 நவம்பரில் ஓர் அமெரிக்க இளைஞர் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவில் தடையை மீறி இறங்கி உயிரிழந்தார். அவரைக் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத அந்தத் தீவு மக்களுக்கு அவரால் என்ன வந்திருக்கும் என்பதை நினைத்தால் நடுக்கமாக இருக்கிறது. நம் பாக் கடலில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது, தாண்டினால் சிறை. மீனவர்கள் இலங்கையில் சிறைப்பட்டதைக் கண்டித்து 2024இல் ராமேசுவரம் மீனவர்கள் கச்சத்தீவுத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். இத்தனை துயரம் ஓடும் கடலில், பொழுதுபோக்குக்காக ஒரு படகோட்டியைச் சட்டத்துக்குப் புறம்பான இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்வது நியாயமே இல்லை. போகிறவர் அபராதம் கட்டிவிட்டு வீடு திரும்புவார். படகோட்டிக்குப் படகே போய்விடும்.

அனுமதியுள்ள இடத்தில் தங்கும்போதும் சில கடமைகள் உண்டு. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் நம் கரைகளில் முட்டையிடும் காலம். இரவில் வெள்ளை விளக்கு எரிந்தால், பொரிந்து வரும் குஞ்சுகள் கடல் என்று நினைத்து வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்துபோய்ச் சாகும். எனவே கடற்கரையில் விளக்கும் தீயும் வேண்டாம். மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடும்புக் கொடியை அறுக்க வேண்டாம். பிளாஸ்டிக் அத்தனையையும் எண்ணிக் கொண்டுபோய், எண்ணித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். சிப்பியும் பவளத் துண்டும் தீவிலேயே கிடக்கட்டும். அவற்றில் பல வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை.

இளைஞர்கள் இங்கிருந்தே தயாரிப்பைத் தொடங்கலாம். ஒரு சனி ஞாயிறு, வீட்டு மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ தங்கிப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர் அளந்து வைத்துக்கொண்டு, குழாயைத் தொடாமல், கடைக்குப் போகாமல், மின்விசிறி இல்லாமல் இருந்து பாருங்கள். எது தேவை, எது வீண் சுமை என்று இரண்டே நாளில் தெரிந்துவிடும். நீச்சல் தெரியாதவர்கள் அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு நம் மாவட்டத்துக் கடற்கரைக்கே போங்கள். கோட்டைப்பட்டினமும் செகதாப்பட்டினமும் மணமேல்குடியும் நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்கள்தானே. மீன் வாங்க மட்டுமே போயிருப்பீர்கள். இந்த முறை கற்றுக்கொள்ளப் போங்கள். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மாதம் எந்தக் காற்று, எந்தத் தீவில் தண்ணீர் உண்டு, எங்கே போகக் கூடாது என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வனத்துறையிடம் குருசடைக்கு அனுமதி கேட்டு ஒரு பகல் போய்வாருங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால், கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் பெயர் கொடுங்கள். அனுமதி கிடைக்காத ஆண்டில் வீட்டிலேயே இருங்கள்.